போட்டதைத்தான் எடுக்கிறார்களா?

கருந்துளைகளிலிருந்து பாயும் காந்தத் தாரைகளைக் கணினியில் கணித்துப் பார்ப்பது வெறும் கண்கட்டு வித்தை என்று யாழ்ப்பாண நாளேடொன்றில் ஒருவர் எழுதித் தள்ளியிருக்கிறார். உள்ளே போட்டதைத்தான் வெளியே எடுக்கிறார்களாம். நமது பஞ்சாங்கம் இதைவிட மேலாம்.

உள்ளே என்ன போடுகிறார்கள் என்று அவர் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சுழலும் கருந்துளை ஒன்று, அதைச் சுற்றி உளுந்து வடைபோல் ஒரு வாயு வளையம், அதனுள் நலிந்த காந்தப்புலம். அவ்வளவுதான், தாரை என்று ஒன்றை யாரும் வைக்கவில்லை. வளையத்தின் உட்பகுதி வேகமாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுற்றுவதால் காந்தக் கோடுகள் இழுபட்டு, வாயு கொந்தளித்து உள்ளே விழுகிறது. இந்த நிலையின்மையை வெலிகோவ் 1959இலும் நம் சந்திரசேகர் 1960இலும் தாளில் கணக்கிட்டே கண்டார்கள். விழும் வாயு காந்தப்புலத்தையும் இழுத்துச் சென்று கருந்துளையின் வாசலில் குவிக்கிறது. சுழற்சி அதை முறுக்க, இரு துருவங்களிலும் தாரை எழுகிறது. 2011இல் செக்கோவ்ஸ்கோய், ரமேஷ் நாராயண், மக்கின்னி மூவரும் செய்த கணிப்பில், வேகமாகச் சுழலும் கருந்துளைக்குள் விழுந்த ஆற்றலைவிட வெளியேறியது அதிகம். மிகுதி கருந்துளையின் சுழற்சியிலிருந்து வந்தது. போட்டதைவிடக் கூடுதலாக எடுத்தவர்களைப் பார்த்துத்தான் இவர் இப்படிச் சொல்கிறார்!

சோதிக்க முடியாதாம். எம்87 விண்மீன் மண்டலத்தின் தாரையை ஹீபர் கேர்ட்டிஸ் 1918இலேயே கண்டுவிட்டார். அங்குள்ள கருந்துளையைச் சுற்றிய ஒளியின் முனைவாக்கப் படம் 2021இல் வெளியானபோது, கணித்து வைத்திருந்த மாதிரிகளில் பெரும்பாலானவை அடிபட்டுப் போயின. தப்பியவை அநேகமாக வலுவான காந்தப்புலம் திரண்டு நின்றவை. எந்த வித்தைக்காரன் தன் வித்தையை இப்படித் தோற்கக் கொடுப்பான்?

குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் நல்ல குறை ஒன்று இருக்கிறது. தாரையின் நடுவே வாயு கிட்டத்தட்ட வற்றிவிடும். அங்கே கணக்கு குலைந்துபோகாமலிருக்க, நிரலே கொஞ்சம் அடர்த்தியைச் செயற்கையாகச் சேர்க்கிறது. ஆகவே தாரை எவ்வளவு பொருளைச் சுமக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கணிப்பை நம்பமுடியாது. இதைக் கணித்தவர்களே ஒளிக்காமல் எழுதுகிறார்கள். நம்மவர் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் வாசிக்க வேண்டிவருமே.

இனிப் பஞ்சாங்கம். 1829 மார்ச் சந்திரகிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் ஒரு கணக்குச் சொன்னார். வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூர் வேறு கணக்குச் சொன்னார். வானம் பூரின் பக்கம் நின்றது. ஆனாலும் சாஸ்திரியார், பிழையென்றால் ஊரே பார்த்துச் சொல்லக்கூடியபடி நேரம் குறித்துக் கொடுத்தவர். அந்தப் பஞ்சாங்கத்தைத் துணைக்கழைக்கும் கட்டுரையாளர் அரைப் பக்கம் எழுதியும் ஓர் எண்ணைக்கூடத் தரவில்லை.