பயணம் போகும் பெரியோர்க்கு

கற்கப் போகிறோம் என்று புறப்படுவோரை நாம் தடுப்பதில்லை. கிணற்றுத் தவளையாய்க் கிடப்பதே பெருமை என வாதிடுவோரும் நாம் அல்லர். ஆயினும், போனவர்கள் எதைக் கற்றார்கள், யாருக்காகக் கற்றார்கள் என்று வினவும் உரிமை, வரி இறுக்கும் மக்களுக்கு உண்டு.

பல்கலைக்கழகம் அமைந்த ஊரின் சபைத் தலைவர்களும் வர்த்தகப் பிரமுகர்களும் சங்கப் பெரியோரும் அத்தகைய பிற ஊர்களுக்குச் சென்று ‘அனுபவம்’ பெற்று மீள்வது இன்று பல நாடுகளிலும் உள்ள வழக்கம். அமெரிக்கக் கல்லூரி நகரங்களில் வர்த்தக சங்கங்களே இத்தகைய பயணங்களை ஒழுங்குசெய்கின்றன. அந்நாகரிகத்தின் சாயல் நம்மிடையேயும் படிந்து வருகிறது. சொகுசு வண்டியிற் சென்று, துணைவேந்தருடன் தேநீர் அருந்தி, மண்டபத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவதைக் கல்வி என்று கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. மாணவர் வருகையால் காணி விலை எவ்வளவு ஏறும், கடைத்தெரு எவ்வளவு பெருகும் என்பவைதாம் அவர்கள் கேட்டு வரும் கேள்விகள்.

ஒக்ஸ்போர்ட் நகரை எடுத்துக்கொள்வோம். போவோர் கோபுரங்களை வியப்பர். ஆனால் 1355 ஆம் ஆண்டிலே, மதுக்கடையொன்றில் மூண்ட தகராறு நகரத்தாருக்கும் மாணாக்கருக்குமிடையே பெருங் கலகமாகிப் பல உயிர்களைக் குடித்தது என்பதையும், அதன் பின் 1825 வரை நகரத்தலைவர் ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குத் தண்டம் செலுத்தித் தலைகுனிய நேர்ந்தது என்பதையும் எத்தனை பேர் அறிவர்? ஊரும் கல்விக்கூடமும் அருகருகே இருந்துவிட்டால் மட்டும் உறவு பிறந்துவிடாது. அதே ஒக்ஸ்போர்ட், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் முயற்சியால், 1908 இல் லோங்ரன், ரொச்டேல் ஆகிய தொழில் நகரங்களுக்கு இறங்கி வந்தது. பகலெல்லாம் உழைத்த தொழிலாளர், ஆர். எச். ரோனி என்னும் ஆசிரியரிடம் பொருளாதார வரலாற்றைப் பாடங் கேட்டனர். கேட்டதோடு நில்லாது, தம் அனுபவத்தால் அவருக்கும் பாடஞ் சொல்லிக் கொடுத்தனர். கற்பதற்குரிய ஒக்ஸ்போர்ட் இதுவே.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? பேராதனைக்குப் போவோர் மலைச்சாரலின் எழிலையும் மகாவலியின் வளைவையும் கண்டு மகிழ்வர். அங்கே பேராசிரியராயிருந்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களை நாடிச் சென்று, படிப்பறிவற்றோர் ஆட்டமெனப் பட்டணத்தார் இகழ்ந்த நாட்டுக்கூத்தை அண்ணாவிமாரிடமிருந்தே கற்று, 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ என மேடையேற்றினாரே, அதைப் பற்றி அவர்கள் விசாரித்ததுண்டா? கிராமம் ஆசிரியனாகவும் பல்கலைக்கழகம் மாணாக்கனாகவும் மாறிய அரிய நிகழ்ச்சி அது. ஆய்வுக்குச் செல்லும் பெரியோர் ஆராய வேண்டியது அந்த உறவையே.

இனி நம் வாசலுக்கு வருவோம். 1974 இல் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய யாழ்ப்பாண வளாகம், 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அது நிற்கும் திருநெல்வேலியிலே, மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வரும் ஏழைப் பிள்ளை வாடகை அறை தேடி அலைகிறான். “எவ்விடம்? யாருடைய பிள்ளை?” என்ற கேள்விகள் வாடகைத் தொகைக்கு முன்னரே எழுகின்றன. அக்கேள்விகளின் உட்பொருள் சாதி என்பதை அறியாதார் யார்? தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவன் நான்காண்டு இங்கே வாழ்ந்தும் ஊராரில் ஒருவனது வீட்டுத் திண்ணையிலேனும் அமர்ந்து பேசியிராமலே பட்டம் பெற்றுப் போகக்கூடும். 2016 இல் வளாகத்துள் நிகழ்ந்த கைகலப்பை மாணவர் விவகாரம் என்று ஊர் கைகழுவியது நியாயமா?

நம் சுண்ணக்கற் பூமியின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எழுதி வருகின்றனர். உரமும் மலக்குழிக் கசிவும் அதன் காரணங்கள். அந்த ஆய்வுகள் ஆங்கிலத்தில் அச்சாகி அடுக்கில் உறங்க, அயலிலுள்ள தோட்டக்காரன் அதே நீரை இறைத்துக் குடிக்கிறான். இந்த இடைவெளியை மூட எந்த நகருக்குப் பயணம் போவது?

பிறவூர் காண்பதே பயன், குறைகூறல் எளிது என்பார் சிலர். நாமும் பயணம் வேண்டுமென்றே சொல்கிறோம். ஆனால் அதில் சந்தை வியாபாரியும் தோட்டக்காரனும் நூலகரும் விடுதி கிடைக்காத மாணவியும் இடம்பெற வேண்டும். போகுமிடத்தில் ஏழை மாணவர் எங்கே உறங்குகின்றனர், நூலகக் கதவு ஊர்ப்பிள்ளைக்குத் திறக்கிறதா, அறிவு வயலுக்கு எவ்வழியாற் செல்கிறது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். திரும்பியதும் கண்டதையும் செலவையும் பொதுக்கூட்டத்தில் எடுத்துரைக்க வேண்டும்.

அதற்கு முன், பெரியோர்களே, ஒரு மாலைப்பொழுதில் பரமேஸ்வராச் சந்தியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, மாணவர் தங்கும் ஒழுங்கைகளுள் நுழைந்து பாருங்கள். அங்கே கேட்கக் கூசும் கேள்வியைப் பேராதனையிற் கேட்டு விடை பெற முடியாது.