மண் வளம் பேசுவோரே, பட்டாவையும் பேசுங்கள்

இரும்புலியூர் ஏரி பாய்ந்த வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. மொட்டை மாடிகளில் மண்புழு உரம் நிரப்பிய பைகளில் கத்தரியும் கீரையும் வளர்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இயற்கை விவசாயக் கூட்டங்களில் "நம் முன்னோர் மண்ணைத் தாயாகப் போற்றினார்கள்" என்று தொடங்கும்போது கேட்கத் தோன்றுகிறது: யாருடைய முன்னோர்?

எரு சுமந்ததும், ஏரி வண்டலை அள்ளி வயலில் கொட்டியதும், நீர்க்கட்டியாக இரவில் மடை காத்ததும் பெரும்பாலும் சேரி மக்கள். நிலமோ மிராசுதாருடையது. தரிசு நிலத்தைக் கேட்டால்கூட அவருக்கே முன்னுரிமை. இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் இதைத்தான் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவே 1892-இன் பஞ்சமி நில ஆணை. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் பிற சாதியினருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை.

தரிசைத் திருத்தி விளைநிலமாக்கிய அந்த உழைப்புக்கு எந்த இயற்கை விவசாய மேடையிலும் பெயரில்லை. நிலமும் பெருமளவு பிறர் கைக்குப் போய்விட்டது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள்.

"மண்ணுக்குள்ளும் சாதியா?" என்கிறார்கள். மண்ணைத் தேற்றக் காலம் வேண்டும், தோழர்களே. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ ஒன்றரை மாதம் நிலத்தை விட்டுவைக்க வேண்டும். இயற்கை விளைபொருள் சான்றிதழ் பெற ஓராண்டுப் பயிருக்கே இரண்டாண்டு மாறுதல் காலம். அடுத்த போகம் நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத வாய்மொழிக் குத்தகைதாரர் யாருக்காக மண்ணைத் தேற்றுவார்? யூரியாவைப் போட்டு இந்தப் போகத்தை எடுக்கத்தான் பார்ப்பார். அது அறியாமை அல்ல, நிலமின்மை.

2023-இல் தமிழக அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. 2024-இல் 'மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம்' திட்டம் வந்தது. பசுந்தாள் உர விதை தருவது நல்ல வேலை. ஆனால் இத்தகைய திட்டங்களில் முதலில் கேட்கும் தாள் சிட்டா, அடங்கல். அது இல்லாதவருக்கு விதை எங்கே?

ஆகவே பஞ்சமி நிலங்களை மீட்டு உரியவர்களுக்குப் பட்டா கொடுங்கள். குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய்ப் பதியுங்கள். கூலித் தொழிலாளரையும் விவசாயி என்று கணக்கில் எழுதுங்கள். இவற்றைக் கேட்காத மண் வளப் பேச்சு, நிலம் வைத்திருப்பவரின் சொத்து மதிப்பைக் கூட்டவே உதவும்.