மாணாக்கரைப் பிரித்தலும் முத்திரையிடலும்

கொச்சி நகரைச் சேர்ந்த வைட்டிலாவில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. கடலோர உவர்நிலங்களில் விளையும் பொக்காளி நெல்லைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அது பெயர் பெற்றது. பொக்காளிச் சாகுபடியில் வயலினுள்ளேயே சிறு மண்மேடுகளை எழுப்பி, பருவமழை உப்பைக் கழுவிய பின் முளைகட்டிய விதையை அவற்றின்மீது விதைப்பர். நாற்று ஒரு மாத அளவு வளர்ந்ததும் மேடுகளை வெட்டி, நாற்றோடு கூடிய மண்கட்டிகளை வயல் முழுவதும் பரப்பிவிடுவர். மேடு நாற்றின் நிலையான இருப்பிடமன்று. வேரூன்றும் வரை அதனைத் தாங்கும் இடமே. பள்ளிகளில் மாணாக்கரைத் திறனுக்கேற்பப் பிரிக்கும் முறையையும் இந்த அளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் தகும்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணாக்கரின் தேர்ச்சியைப் பாதிக்கும் என்பது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குப் பெயர்பெற்ற சான்றாகும். அவர்கள் ஒரு தொடக்கப் பள்ளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, இவர்கள் விரைவில் சிறந்து விளங்குவர் என ஆசிரியரிடம் தெரிவித்தனர். ஓராண்டுக்குப் பின், முதல் இரு வகுப்புகளில் அக்குழந்தைகள் பிறரினும் மிகுதியாக முன்னேறியிருந்தனர். மேல் வகுப்புகளில் அவ்வேறுபாடு தெளிவாகத் தென்படவில்லை. இம்முடிவைப் பலர் மறுத்தனர். எதிர்பார்ப்பின் விளைவு உண்மையே எனினும் பொதுவாக அளவிற் சிறியது எனப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆனால் நாள்தோறும் சேரும் சிறு விளைவைப் புறக்கணித்தல் ஆகாது.

அவ்விளைவு எவ்வாறு தோன்றுகிறது? 1970-களில் மேரி பட் ரோ என்னும் அறிஞர் வகுப்பறைகளைக் கூர்ந்து நோக்கினார். வினா எழுப்பிய பின், வல்லவர் எனக் கருதிய மாணாக்கருக்காக ஆசிரியர் ஏறத்தாழ 2 விநாடி காத்திருந்தனர். மந்தமானவர் எனக் கருதியோருக்கு 1 விநாடிகூடக் கிடைக்கவில்லை. 3 விநாடியேனும் காத்திருந்த வகுப்புகளில் விடைகள் நீண்டன. பதில் கூறாதிருந்த மாணாக்கரும் பேசத் தொடங்கினர்.

முத்திரை மாணாக்கரின் உள்ளத்தையும் தாக்கும். 2003-இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசச் சிற்றூர் மாணவரிடம் புதிர்ப்பாதைச் சோதனை நடத்தினர். சாதி அறிவிக்கப்படாதபோது தாழ்த்தப்பட்ட சாதி மாணவர் ஏனையோருக்கு இணையாகவே விடை கண்டனர்; அறிவிக்கப்பட்டபோது அவர்களது தேர்ச்சி குறைந்தது.

இவற்றால் பிரித்தலே தீது என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஹரியானாவில் 2012-13 கல்வியாண்டில் நாள்தோறும் ஒரு மணி நேரம், வகுப்பைக் கருதாது வாசிப்பு நிலைக்கேற்பப் பிள்ளைகளைக் குழுக்களாக அமர்த்திக் கற்பித்தபோது இந்தி வாசிப்பு மேம்பட்டது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைத்துப் பயிற்றுகிறது. பெயர்கள் நன்று, வளர்ச்சியின் படிகளையே அவை குறிக்கின்றன. ஆயினும் ஆண்டு முழுவதும் ஒரு குழந்தை அரும்பாகவே நிறுத்தப்படின், அப்பெயரும் முத்திரையாகிவிடும்.

ஆகவே பிரிவு குறிப்பிட்ட பாடத்திற்கும் குறிப்பிட்ட காலத்திற்கும் மட்டுமே உரியதாதல் வேண்டும். சில வாரங்களுக்கொருமுறை மீண்டும் சோதித்துக் குழுக்களை மாற்றியமைத்தல் வேண்டும். பின்தங்கிய குழுவிற்குத் தேர்ந்த ஆசிரியரையே அளித்தல் வேண்டும். எஞ்சிய நேரத்தில் அனைவரும் ஒருங்கே அமர்ந்து கற்றல் வேண்டும். பள்ளிகளைப் பார்வையிடும் களப்பணியாளர், எத்தனை குழுக்கள் உள்ளன என்று வினவுவதோடு நில்லாது, சென்ற வருகைக்குப் பின் எத்தனை பிள்ளைகள் குழு மாறினர் என்றும் வினவுதல் நலம். ஒருவரும் மாறவில்லை என்பதே விடையாயின், அங்கு நிகழ்வது பயிற்சியன்று, தீர்ப்பே எனக் கொள்ளலாம். நாற்று வளர்ந்த பின்னும் மேட்டை வெட்டாது விடும் உழவர் எவரும் இலர்.