இரண்டாவது தடவை பணம் கட்டாதீர்கள்



வெளிநாட்டில் வேலை பார்க்கும்போதோ சுற்றுலா போன இடத்திலோ டைம்ஷேர், ஹாலிடே கிளப், வெக்கேஷன் மெம்பர்ஷிப் என்று ஏதோ ஒரு பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கும் குடும்பங்கள், பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை நம் தாமிரபரணிக் கரைப் பக்கத்தில் இருக்கின்றன. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் ஏர்வாடியிலும் சபருக்குப் போனவர்களின் வீடுகளில் உண்டு. நாசரேத், சாயர்புரம் பக்கம் நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகளின் வீடுகளில் உண்டு. மகன் அமெரிக்காவில் இருக்கும் கல்லிடைக்குறிச்சி வீடுகளிலும் உண்டு. சீட்டுக் கம்பெனி கவிழ்ந்தால் தெருவே கூடிப் பேசும். இதை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை. ‘படிச்ச பிள்ளை ஏமாந்துட்டானே’ என்று நாலு பேர் சொல்வார்கள் என்று பயந்து, ஒப்பந்தக் கவரை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்த மௌனத்தை முதலாக வைத்துத்தான் அடுத்து ஒருவன் போன் செய்கிறான்: “சார், அந்த ஒப்பந்தத்திலிருந்து உங்களை வெளியே எடுத்துவிடுகிறேன்.” இந்த வேண்டுகோள் முக்கியமாக அவனைப் பற்றியது.

நாங்கள் ஓய்வுபெற்ற வங்கி, அஞ்சல் ஊழியர்கள் சிலர், வழக்கறிஞர்கள் சிலர், இதில் பணத்தை விட்ட குடும்பத்தார் சிலர். சங்கம், பதிவு எண், சந்தா எதுவும் இல்லை. யாரிடமும் காசு வாங்குவதும் இல்லை.

டைம்ஷேர் என்பது ஒரு விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை 10, 25, சில இடங்களில் 50 ஆண்டுகளுக்குக்கூட முன்பணம் கொடுத்து வாங்குவது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னையிலிருந்து ஸ்டெர்லிங் 1986இலும் மஹிந்திரா ஹாலிடேஸ் 1996இலும் இந்தத் தொழிலுக்கு வந்தன. வருஷா வருஷம் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போய் நிறைவாகத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். தொழிலே மோசடி என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் வாங்குகிறவர் கையில் பெரும்பாலும் பட்டாவும் இருக்காது, பத்திரமும் இருக்காது. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் நிற்காது. அது இன்று 25,000 ரூபாய் என்றும் வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்றும் வைத்துக்கொண்டால், பத்தாவது வருஷ முடிவில் 54,000 ரூபாயை நெருங்கிவிடும். அந்தக் காசுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லாமலே குடும்பத்தோடு குற்றாலத்தில் நாலு நாள் தாராளமாகத் தங்கிவிட்டு வரலாம்.

விற்கும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். துபாய் மாலில் ‘சின்ன சர்வே’ என்று பெயரும் நம்பரும் வாங்குவார்கள். கோவாவில் பீச் ரோட்டில் சுரண்டும் அட்டை கொடுப்பார்கள். நம்மூரில் பெட்ரோல் பங்கிலும் கடை வாசலிலும் கூப்பன் பெட்டி வைத்திருப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் பரிசு விழுந்திருப்பதாகப் போன் வரும். வாங்கிக்கொள்ள ஓட்டலுக்கு வரவேண்டும், கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும், கிரெடிட் கார்டு கையில் இருக்கவேண்டும். மனைவியையும் கூப்பிடுவது மரியாதைக்காக அல்ல. ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று எழுந்து வர வழி இருக்கக்கூடாது என்பதற்காக. அந்த ஒரு பேச்சு எத்தனை நெல்லைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எதிரே உட்கார்ந்து பேசுகிற பையன் பல நேரம் தமிழ்ப் பையனாகவே இருப்பான். “அண்ணாச்சி, நானும் தென்காசிப் பக்கம்தான்” என்பான். அவனுக்கும் மாத டார்கெட் இருக்கிறது, அவன்மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் அவன் வாயால் சொன்னதை ஒப்பந்தத்தில் தேடினால் கிடைக்காது.

பேட்டையில் ஒரு வீட்டில் காட்டிய ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தோம். முதல் பக்கத்தில் கடற்கரைப் படம். கையெழுத்துப் போடும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் நான்கு நிபந்தனைகள். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்ன எதுவும் ஒப்பந்தத்தில் சேராது. கட்டிய தொகை எக்காரணத்தாலும் திரும்பக் கிடைக்காது. பராமரிப்புக் கட்டணத்தை நிறுவனம் தன் விருப்பப்படி உயர்த்தலாம். வழக்கு என்று வந்தால் நிறுவனம் இருக்கும் ஊரில்தான் போடவேண்டும். கையெழுத்துப் போட்டவருக்கோ, ‘வருஷா வருஷம் வாப்பா உம்மாவைக் கூட்டிட்டுப் போலாம், வேண்டாம்னா நாங்களே வித்துத் தந்துடுவோம்’ என்று சொன்னது மட்டும்தான் நினைவில் இருந்தது. விற்றுத் தருவதைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. பள்ளிக்கூட லீவில் அறை கேட்டபோதெல்லாம் ‘காலி இல்லை’ என்பதே பதில்.

கையெழுத்துப் போட்ட கொஞ்ச நாளிலேயே மனம் மாறினால், பல நாடுகளில் காரணமே சொல்லாமல் ரத்து செய்ய உரிமை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 14 நாள். சிங்கப்பூரிலும் மெக்சிகோவிலும் 5 வேலை நாள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஃபுளோரிடாவில் 10 நாள். ஐரோப்பிய விதிப்படி அந்த 14 நாளுக்குள் முன்பணம் வாங்குவதே தவறு. துபாய் 2020இல் டைம்ஷேருக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே கையெழுத்துப் போட்டவர்கள் அங்குள்ள பொருளாதாரம் மற்றும் சுற்றுலாத் துறையிடம் புகார் கொடுக்கலாம். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. இங்கே கையெழுத்துப் போடுகிறவர் ரத்து செய்ய எத்தனை நாள் உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த நாடாக இருந்தாலும் ரத்து செய்வதை எழுத்தில், நாள் போட்டு, மின்னஞ்சலிலும் ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். “மேனேஜர் லீவு, திங்கட்கிழமை பேசலாம்” என்று இழுப்பது அந்த நாட்களைக் கரைக்கத்தான்.

நாள் தாண்டிவிட்டால்? இங்கேதான் நம் ஆட்கள் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு சாரார், ‘ஊருக்கு வந்தாச்சு, இனி அவன் என்ன செய்வான்’ என்று வந்த கடிதத்தையெல்லாம் பிரிக்காமலே போட்டுவிடுகிறார்கள். ஆனால் 2020 ஜனவரியில் மத்திய அரசு ஐக்கிய அரபு அமீரகத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவின்படி பரஸ்பர நாடாக அறிவித்தது. அறிவிக்கையில் சொன்ன அமீரக நீதிமன்றங்களில் வாங்கிய பணத் தீர்ப்பை நிறைவேற்ற, இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நேராக மனுப் போடலாம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் உள்ளவை. முறையாக விசாரிக்காமல் வந்த தீர்ப்பை எதிர்க்க அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் இடம் உண்டுதான், ஆனால் அதற்கும் வக்கீலும் செலவும் வேண்டும். இன்னொன்று: அமீரகத்தில் 2022 ஜனவரி முதல், பணமில்லாமல் திரும்பிய செக்கை வைத்தே பணத்தை வசூலிக்க நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். ‘சும்மா பாதுகாப்புக்குத்தான்’ என்று கேட்டாலும் தேதி போடாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டிலோ வங்கிக் கடனிலோ கட்டியிருந்தால், விடுதிக்காரனோடு உள்ள தகராறு வேறு, வங்கிக்குத் தரவேண்டிய பாக்கி வேறு. வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காமல் தவணையை மட்டும் நிறுத்தினால், அந்த வங்கி நம்மேல் வழக்குப் போடலாம்.

இன்னொரு சாரார், வெளியே எடுத்துவிடுகிறேன் என்பவனிடம் மாட்டுகிறார்கள். அவனுக்கு உங்கள் பெயர், மெம்பர்ஷிப் எண், எவ்வளவு கட்டினீர்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். உறுப்பினர் பட்டியல் எப்படியோ கைமாறிப் போயிருக்கும். உங்கள் ஒரு வாரத்தை வாங்க ஆள் தயாராக இருப்பதாகவும், வாங்குகிறவர் பணத்தை ஏற்கெனவே பொதுக் கணக்கில் போட்டுவிட்டதாகவும் சொல்வான். நீங்கள் செய்யவேண்டியது வரியைக் கட்டுவது மட்டும்தானாம். அதைக் கட்டினால் அடுத்த வாரம் என்ஓசி கட்டணம், அதற்கடுத்து அந்நியச் செலாவணி அனுமதி, அப்புறம் ஜிஎஸ்டி. ரிசர்வ் வங்கி முத்திரை வைத்த கடிதமும் வாட்ஸ்அப்பில் வரும். தனிநபர்களுக்காகத் தான் கணக்கு வைப்பதில்லை, பணம் விடுவிக்கக் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. விற்ற பணத்திலிருந்து வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்று கேட்டுப் பாருங்கள், அவன் மழுப்புவான்.

இது சில்லறைத் திருடர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் உள்ள டைம்ஷேர்களைக் காட்டி நடந்த இத்தகைய மோசடிகளில், 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறத்தாழ 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் கொடுத்திருப்பதாக அமெரிக்க எஃப்பிஐ சொல்கிறது. அதன் பின்னால் இருப்பது மெக்சிகோவின் பெரிய போதைப்பொருள் கும்பல்களில் ஒன்று என்று சொல்லி, அமெரிக்க நிதித்துறை தொடர்ந்து தடை விதித்து வருகிறது. கால் சென்டர் வைத்து, சம்பளம் கொடுத்து நடத்தும் தொழில் இது.

நம் நாட்டிலும் பெரிய அளவில் நடந்ததுதான். விடுதி அறை இரவுகளை முதலீடு போல விற்ற பான்கார்டு கிளப்ஸ், 51 லட்சம் பேருக்கு மேல் 7,035 கோடி ரூபாய் திரட்டியதாக செபி 2014 ஜூலையில் சொல்லி, அதைப் பதிவு செய்யாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று தடுத்தது. ‘தங்காவிட்டால் பணம் பெருகித் திரும்ப வரும்’ என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில், வெளியே எடுப்பதற்கு முன்பணம் கேட்கும் எவருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள், அவர் வக்கீல் என்று சொல்லிக்கொண்டாலும். நிறுவனத்துக்கே நேராக எழுதி, ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி அவர்களிடம் உண்டா என்று கேளுங்கள். பாக்கி இல்லாதவர்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள். நிறுவனத்துக்கு இந்தியாவில் அலுவலகம் இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள். நிறுவனம் முழுக்க வெளிநாட்டில் இருந்தால் நம் ஆணையத்தின் உத்தரவு அங்கே செல்லுபடியாவது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அப்போது அந்த நாட்டு நுகர்வோர் அமைப்பிடம்தான் போகவேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால், இலவச சட்ட உதவிக்கு 15100. வெளியே எடுப்பதாகச் சொன்னவனுக்குப் பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காமல் அந்த நிமிஷமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

கடைக்காரர்களுக்கும் பங்க் முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று தெரியாத கூப்பன் பெட்டியை உங்கள் வாசலில் வைக்க விடாதீர்கள். வாடிக்கையாளர் பெயரையும் நம்பரையும் எழுதிப் போடுவது உங்கள் கடையை நம்பித்தான். ஓட்டல் ஹால் வாடகைக்கு விடுகிறவர்கள், வருகிற நிறுவனத்தின் பதிவுச் சான்றையும் முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தேடி வருகிறவருக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே. ஜமாத்துகளும் திருச்சபைகளும் கோயில் கமிட்டிகளும், விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் பிள்ளைகளிடம் இதை ஒரு தடவை எடுத்துச் சொன்னால் போதும். வீட்டுப் பெரியவர்கள் தயவுசெய்து ‘எவ்வளவு போச்சு?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘அந்தக் கவரைக் கொண்டா, பாப்போம்’ என்று ஆரம்பியுங்கள்.

கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுக் கொடுக்கப் போகிறோம். ஓட்டல் ஹால்களில் நடக்கும் இத்தகைய விற்பனைக் கூட்டங்களுக்கு முன்கூட்டியே தகவல் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும், அயலகத் தமிழர் நலத்துறை இந்த மாதிரிப் புகார்களுக்கு மாவட்டத்தில் ஒரு மேசை போட வேண்டும் என்று கேட்கிறோம். மனுவோடு இணைக்க எவ்வளவு ஒப்பந்தங்கள் கிடைக்கின்றனவோ அவ்வளவு நல்லது. கொண்டு வருகிறவர்கள் பெயரையும் வங்கி விவரத்தையும் மையால் மறைத்து நகல் மட்டும் கொண்டு வாருங்கள். அசலை எங்களிடம்கூடக் கொடுக்க வேண்டாம்.