குறை கேட்கும் நாற்காலி யாருக்கு?

நூறு நாள் வேலையில் மண் சுமந்தவளுக்கு 15 நாள்களுக்குள் கூலி சேர வேண்டும். தவறினால் 16ஆம் நாள் முதல், நிலுவையில் நூறு ரூபாய்க்கு நாளொன்றுக்கு 5 காசு இழப்பீடு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் அட்டவணையில் வைத்த நீதி இது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், மணமேல்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் நின்று அந்த 5 காசைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்; சிரிப்பார்கள்.

இத்தகைய முறையீட்டைக் கேட்கவே மாவட்டந்தோறும் ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டுமென 2009இல் மத்திய அரசு விதித்தது. யார் விண்ணப்பிக்கலாம்? பொது நிருவாகம், சட்டம், கல்வி, சமூகப்பணி, மேலாண்மை ஆகியவற்றுள் ஒன்றில் பத்தாண்டு அனுபவமும் அப்பழுக்கற்ற நேர்மையும் உடையவர். கட்சி உறுப்பினர் ஆகாது. ஓய்வு பெற்ற அதிகாரியே வேண்டும் என்று அங்கே ஓரெழுத்தும் இல்லை. பெண்ணுக்கும் தடையில்லை. ஆயினும் “அது பென்ஷன்காரர் வேலை” என்று நம்மவர் ஒதுங்குகின்றனர்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. மாதச் சம்பளமன்று, அமர்வுக்கு இவ்வளவு என்னும் மதிப்பூதியமே தரப்பட்டது. அதை நம்பிப் பள்ளி ஆசிரியன் வேலையை விட இயலுமா? தகுதிக் கதவைத் திறந்துவிட்டு வருவாய்க் கதவைச் சாத்திய விதி இது. நேற்றுவரை அளவுப் புத்தகத்தில் கையொப்பமிட்டவரே இன்று அதன் மீதான புகாரையும் விசாரிப்பாராயின், கூலிக்காரி எந்தத் துணிவில் வாய் திறப்பாள்?

ஆலிம்களிற் சிலர், பதவியைத் தேடாதே என்னும் நபிமொழியை எடுத்துக் காட்டுவர். யூசுப் நபி மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றதையும் அவர்களே ஓதிக் கொடுக்கின்றனர்! பெருமைக்காகத் தேடுவது வேறு. பிறர் உரிமை பாழாகையில் முன்வருவது வேறு. ஓம்புட்ஸ்மன் என்ற சுவீடன் சொல்லைக் கேட்டு மிரளவும் வேண்டா. 1058இல் மறைந்த இமாம் மாவர்தி, ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’வில் மளாலிம் என்னும் முறையீட்டு மன்றத்துக்குரிய வழக்குகளைப் பத்து வகையாகப் பிரிக்கிறார். அரசிடம் படி பெறுவோர், அது குறைந்தது அல்லது தாமதித்தது என்று செய்யும் முறையீடு அவற்றுள் ஒன்று. அம்மன்றத்தில் அமர்பவர் பேராசையற்றவராகவும், கண்டோர் அஞ்சும் மதிப்புடையவராகவும் இருத்தல் வேண்டும் என்கிறார். எந்தத் துறையில் ஓய்வு பெற்றவர் என்று கேட்கவில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்கு மாற்றாக வேறொன்றை நிறைவேற்றி, வேலை நாள்களை 125 என ஆக்கியது. நாள்கள் கூடினால் கூலிக் குறைகளும் கூடவே வரும். 13 ஒன்றியங்கள், 497 ஊராட்சிகள் கொண்ட மாவட்டம் இது. இனி இத்தகைய பதவிக்கு அறிவிப்பு வருமாயின் அது நாளிதழின் ஒரு மூலையில்தான் வரும். ஜும்ஆவுக்குப் பின் நிக்காஹ் அறிவிப்புப் படிக்கும் அதே ஒலிபெருக்கியில், நம் ஜமாஅத்துகள் இதையும் படித்தால் என்ன?