மொஸ்கோ புத்தகங்களில் வராத தொழிலாளி



நமது வாசிகசாலை அலுமாரிகளில் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன. விலை குறைவு, கட்டு நல்ல கட்டு. கோர்க்கியின் 'தாய்' படித்துவிட்டுச் சங்கத்துக்கு வந்தவர்கள் உண்டு. அந்த நாவலில் எனக்குக் குறையில்லை. அது ஜார் ஆட்சிக்கு எதிராக எழுதப்பட்டது. அரசாங்கமே எழுத்தாளனுக்கு எசமானான பிறகு வந்தவற்றைப் பற்றியே என் பேச்சு.

1934இல் மொஸ்கோவில் கூடிய எழுத்தாளர் மாநாடு 'சோஷலிச யதார்த்தவாதம்'தான் வழி என்று வகுத்தது. பெயரில் யதார்த்தம் இருக்கிறது. மற்றதைப் பார்ப்போம்.

மிகயில் ஷொலகோவ் பெரிய எழுத்தாளர். கூட்டுப்பண்ணை அமைத்த கதையைச் சொல்லும் அவருடைய 'கன்னி நிலம்' முதற்பாகம் 1932இல் வந்தது. அந்தக் காலத்திலேயே அவருடைய டொன் பிரதேசத்தில் பஞ்சம். தானியத்தை ஒளித்தார்கள் என்று சொல்லி குடியானவர்களை அடித்தார்கள், குளிரில் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். 1933 ஏப்ரலில் ஷொலகோவ் இதையெல்லாம் ஸ்டாலினுக்கே கடிதமாக எழுதினார். துணிச்சல்தான், அதனால் அவர் பகுதிக்குத் தானியமும் வந்தது. ஆனால் குடியானவர்கள்தான் அரசோடு மௌன யுத்தம் நடத்துகிறார்கள் என்று ஸ்டாலின் பதில் எழுதினார். கடிதத்தில் இருந்த பஞ்சம் நாவலுக்குள் வரவேயில்லை. இரண்டாம் பாகம் 1960இல் முடிந்தபோதும் கதை 1930ஐத் தாண்டவில்லை. அதற்கு லெனின் பரிசு கொடுத்தார்கள்.

அதே டொன் பிரதேசத்தில் நொவொசெர்காஸ்க் என்றொரு நகரம். அங்கே ரயில் எஞ்சின் தொழிற்சாலை. 1962 ஜூன் 1ஆம் திகதி இறைச்சி விலை 30 சதவீதமும் வெண்ணெய் விலை 25 சதவீதமும் ஏறியது. அதற்கு முன்பே துண்டுவேலைக் கூலியையும் வெட்டியிருந்தார்கள். கொழுந்து கிலோவைக் கூட்டிவிட்டு அரைப் பேர் போடுவது என்னவென்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டவர்களிடம், ஈரல் பணியாரம் தின்னுங்கள் என்றாராம் தொழிற்சாலை டைரக்டர். நம் துரைமாருக்கு அண்ணன்!

அவர்களுக்கும் தொழிற்சங்கம் இருந்தது. ஆனால் தொழிலாளர் தாங்களாகவேதான் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் செங்கொடியும் லெனின் படமும் ஏந்தி நகர மத்திக்குப் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சடலங்களை உறவினரிடம் கொடுக்காமல் வேறு ஊர் மயானங்களில் இரகசியமாகப் புதைத்தார்கள். பார்த்தவர்களிடம் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். பிறகு 7 பேருக்கு மரண தண்டனை. 1980களின் கடைசிவரை சோவியத் பத்திரிகைகளில் இந்தச் சாவுகள் பற்றி ஒரு வரி கிடையாது. தொழிலாளர் அரசு, தொழிலாளர் பத்திரிகை!

இதையெல்லாம் சொன்னால் முதலாளிக்குத்தான் வாய்ப்பு என்று சில மூத்த தோழர்கள் கோபிக்கிறார்கள். மொஸ்கோ தணிக்கைக்காரரின் வாதமும் அதுதான். எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே என்று சொல்லித்தான் செத்தவர்களின் பெயரையே மறைத்தார்கள்.

இதே வாதத்தைத்தான், நமது செய்திமடலுக்கு வந்திருக்கும் பெண் தொழிலாளர் கடிதங்களுக்கும் சொல்கிறார்கள். சந்தா மாதாமாதம் பிடிபடுகிறது, நிறுவைத் தகராறில் சங்கத்திலிருந்து யாரும் வந்து நிற்பதில்லை என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். கம்பனி சிரிக்கும் என்றால் சிரிக்கட்டும். கொழுந்துக் கூடையோடு அந்த நிறுவையில் தினமும் நிற்பவர்கள் அவர்கள்தான். அடுத்த இதழில் அக்கடிதங்கள், எழுதியவர் பெயரை மட்டும் மறைத்து, ஒரு சொல்லும் வெட்டாமல் வரவேண்டும். மாவட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன். உங்கள் தோட்டத் தலைவர், தலைவிமாரும் அங்கே எழுந்து கேட்கும்படி இப்போதே சொல்லிவையுங்கள்.