துருவுக்கு மேல பெயிண்ட் அடிக்காதீங்க மக்களே!

புனே வந்து 16 வருஷம் ஆச்சு. இன்னும் ரோட்டுல பழைய டாடா 407 ஒண்ணு கண்ணுல பட்டா என் வண்டி தானா ஸ்லோ ஆயிடும். 1986-ல அந்த மினி லாரி பிறந்ததே இந்த புனேயிலதான். எங்களுக்கோ அது தூத்துக்குடியில சோறு போட்ட வண்டி. அப்பா அதுலதான் வருஷக்கணக்கா உப்பு மூட்டை ஏத்தினார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பா ஓட்டுறதை நிறுத்தினதும் வண்டி வீட்டுக்குப் பின்னால வேப்பமரத்தடிக்குப் போயிடுச்சு. தகட்டு இடுக்குல பழைய உப்பு, வெளியே கடல் காத்து. துரு பிடிக்கக் கேக்கணுமா? நாலு வருஷம் முன்னாடி அதைப் புதுசாக்கணும்னு எனக்கு ஆசை வந்துச்சு. லீவு கிடைக்கலை. போன்லயே ஒரு டிங்கரிங் பட்டறையில பேசினேன். "பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிரலாம் தம்பி, பத்தே நாள்"னாங்க. பணம் அனுப்பினேன். பளபளன்னு போட்டோ வந்துச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் விடாம காட்டினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனா, கதவுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமா நிக்குது. அழுத்தினேன். பட்டி பொலபொலன்னு உதிர்ந்து விரல் உள்ளே போயிடுச்சு. "ஐப்பசி மழையிலயே கிளம்பிருச்சு. நீ ஆசையா செஞ்ச, அதான் சொல்லல"ன்னார் அப்பா.

பட்டறைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து நாள்ல வேணும்னு ஒத்துக்கிட்டது நான்தானே. ஆனா ஒண்ணு, துருங்கிறது வெறும் அழகுப் பிரச்சினை இல்லீங்க. இரும்பைவிட துருவுக்கு அதிக இடம் வேணும். அதனால மேல எதைப் பூசினாலும் தூக்கித் தள்ளிடும். அடியில உப்பு இருந்தா ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டு வேலையைத் தொடரும்.

போன வருஷம் மூணு வாரம் லீவு போட்டு நானே உக்காந்தேன். முதல்ல நல்ல தண்ணியில அடித்தகடு, இடுக்கு எல்லாம் கழுவிக் காயவச்சோம். அப்புறம் கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டல். சுத்தியலால தட்டிப் பாத்து, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டிட்டு புதுத் தகடு வச்சு வெல்டிங். குழியில ஒட்டிக்கிட்டிருந்த துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட். சிலர் பாத்ரூம் ஆசிட்டை ஊத்துவாங்க, அதை மட்டும் செய்யாதீங்க. அது ஹைட்ரோகுளோரிக், சரியாக் கழுவலைன்னா தங்குற குளோரைடு துருவைத் திரும்பக் கூப்பிடும். சுரண்டின இரும்பை ராத்திரி அப்படியே விட்டா காலையில செம்பழுப்பா நிக்கும். அதனால அன்னன்னைக்கு முடிச்ச பாகத்துக்கு அன்னன்னைக்கே எபாக்சி ப்ரைமர். கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டைகளை அடைச்சிட வேண்டாம். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம்.

மணல் பிளாஸ்டிங் பண்ணினா ஒரே நாள்ல முடியும்னாங்க. மெல்லிசான கேபின் தகடு அதுல நெளிஞ்சிடும், அந்த மணல் தூசி நுரையீரலுக்கும் ஆகாது. சேஸிஸுக்கு வேணா யோசிக்கலாம், அதுவும் தெரிஞ்சவங்க கையில.

அப்பா பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்துக்கிட்டு, "ஏலே, அந்த மூலையை விட்டுட்டே பாரு"ன்னு மூணு வாரமும் என்னை வேலை வாங்கினார். 16 வருஷத்துல அவர் என்கிட்ட அவ்வளவு பேசினதே இல்லை. இந்த மழைக்கு ஒரு கொப்புளம்கூட வரலை. தினம் விரலால அழுத்திப் பாத்துட்டு போன் பண்றார்.

பணம் அனுப்பி பளபளப்பு வாங்குறது நம்மள மாதிரி வெளியூர்க்காரங்களுக்கு ரொம்ப சுலபம். ஆனா சில வேலைக்கு நாமளே போய் உக்காந்து சுரண்டணும். உங்க வீட்டுப் பின்னால என்ன வண்டி நிக்குது? அடுத்த லீவுல ஒரு தட்டு தட்டிப் பாருங்க.